நின்ற நிலையில் சூடேறும் மோட்டார் எஞ்சின்: காரணம் அறியும் முறை

கிராமங்களில் மோட்டார் கார் வைத்திருக்கும் குடித்தனக்காரர்கள் இன்று அநேகர். அவர்களுடைய வண்டிகளில் அடிக்கடி காணப்படும் கோளாறு ஒன்று உண்டு. சாலையில் ஓடும் வரையில் எஞ்சின் யாதொரு குறையுமின்றி வேலை செய்கிறது. ரயில்வே கேட்டிலோ, நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலிலோ, தேர்த் திருவிழாக் கூட்டத்திலோ எஞ்சினை நிறுத்தாமல் வண்டியைக் கால்மணி நேரம் நிறுத்தி வைத்தால், உஷ்ணத்தைக் காட்டும் முள் மேலேறுகிறது. சற்று நேரத்தில் பானெட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி கிளம்புகிறது. வண்டி மறுபடி ஓடத் தொடங்கியதும் முள் தானாகவே இறங்கிவிடுகிறது.

அவ்வாறு இறங்கிவிடுவதாலேயே சிலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. வேறு சிலரோ அஞ்சி, காரணத்தை விசாரியாமலே ஒன்றன்பின் ஒன்றாகச் சாமான்களை மாற்றிப் பணத்தைச் செலவழிக்கின்றனர். இரண்டும் தவறு. அசட்டையாக விட்டால் சிலிண்டரின் மேல்மூடியாகிய ஹெட் வளைந்து, எஞ்சினையே பிரித்துப் பழுது பார்க்க நேரிடும். காரணம் அறியாமல் மாற்றினாலோ செலவு ஏறும், நோய் தீராது. ஆனால் இக்கோளாறு எப்பொழுது தோன்றுகிறது, எப்பொழுது மறைகிறது என்பதைக் கவனிப்பவருக்குத் தன் காரணத்தைத் தானே பெரும்பாலும் சுட்டிக் காட்டிவிடும்.

உஷ்ணம் உண்டாவதும் நீங்குவதும்

எஞ்சினில் எரியும் பெட்ரோல் அல்லது டீசலின் சக்தி முழுவதும் வேலையாக மாறுவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வேலையாகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சிய பங்கு எஞ்சினின் உலோகத்தைச் சூடாக்குகிறது. இதனை இடைவிடாமல் நீக்கிக்கொண்டேயிருத்தல் வேண்டும்.

இவ்வேலையை முதலில் செய்வது நீர். வாட்டர் பம்பு நீரைச் சிலிண்டர்களைச் சுற்றிச் செலுத்துகிறது. சூடேறிய நீர் தெர்மோஸ்டாட் என்னும் கதவின் வழியாக மேல் ரப்பர் குழாயை அடைந்து, ரேடியேட்டரின் நுண்ணிய குழல்களில் பரவி, ஆறி, கீழ்க் குழாய் வழியாக எஞ்சினுக்குத் திரும்புகிறது. தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 82 முதல் 90 சென்டிகிரேட் டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும்.

நீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது யாவரும் அறிந்ததே. ரேடியேட்டரின் மூடி நீரை அழுத்தத்தில் அடக்கி வைப்பதால் இந்த அளவு உயர்கிறது. சதுர அங்குலத்திற்குச் சுமார் 15 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கும் மூடி இருந்தால், வெறும் நீரே ஏறக்குறைய 120 டிகிரி வரையில் கொதியாது. மூடியின் ரப்பர் கெட்டுவிட்டால், எஞ்சின் அளவுக்கு மேல் சூடேறாத போதும் நீர் கொதித்து வழிந்துவிடும். ஆதலால் மூடி ஓர் அற்பமான சாமான் அன்று.

நீர் சுமந்து வந்த உஷ்ணத்தை ரேடியேட்டரில் வாங்கிக்கொள்வது காற்று. ஆகவே உஷ்ணம் இரண்டு கைகள் மாறி வெளியேறுகிறது. உலோகத்திலிருந்து நீருக்கு மாறுவது முதற் கை. நீரிலிருந்து காற்றுக்கு மாறுவது இரண்டாம் கை. எந்தக் கை சோர்ந்தது என்று அறிவதே சோதனையின் நோக்கம்.

ஓட்டத்திற்கும் நிற்றலுக்கும் உள்ள பேதம்

வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றப் போதுமானது. விசிறி சுழலாவிட்டாலும் குறை தெரியாது. வண்டி நின்றதும் அக்காற்று இல்லை. அப்பொழுது விசிறி ஒன்றே துணை. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது உண்டாகும் உஷ்ணம் குறைவுதான். அந்தக் குறைந்த உஷ்ணத்தையும் வாங்கிக்கொள்ளக் காற்று இல்லாவிட்டால் அது சிறிது சிறிதாகச் சேர்ந்து எல்லையைக் கடந்துவிடுகிறது.

இதிலிருந்து மூன்று விதிகள் பெறப்படும்.

நின்றால் மட்டும் சூடேறி, ஓடினால் ஆறுமாயின், முதலில் சந்தேகிக்க வேண்டியது காற்று; அதாவது விசிறியும் ரேடியேட்டரின் முகமும்.

நின்றால் சரியாக இருந்து, வேகத்திலோ, மேட்டிலோ, பாரத்திலோ சூடேறுமாயின், சந்தேகிக்க வேண்டியது நீரோட்டம். அதாவது உப்புப் படிந்த குழல்கள், பாதியே திறக்கும் தெர்மோஸ்டாட், வேகத்தில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும் கீழ்க் குழாய் முதலியவை.

இரு நிலைகளிலும் சூடேறுமாயின், நீர்க்குறைவு, மூடியபடியே நின்றுவிட்ட தெர்மோஸ்டாட், பழுதான பம்பு, ஹெட் காஸ்கெட்டின் சேதம் ஆகியவற்றை ஆராய வேண்டும்.

விசிறிகள் இரு வகை. ஜீப்புகளிலும், டிராக்டர்களிலும், 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்ற அம்பாஸிடர் போன்ற பழைய கார்களிலும், எஞ்சினே பெல்ட்டின் மூலம் விசிறியைச் சுழற்றும். இக்காலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றில் விசிறிக்குத் தனி மின்சார மோட்டார் உண்டு. நீர் ஏறக்குறைய 95 முதல் 100 டிகிரியை அடையும்போது, உஷ்ணத்தை அறியும் சென்ஸாரின் தூண்டுதலால் அது சுழலும், ஆறியதும் நிற்கும்.

முள் ஏறியதும் செய்ய வேண்டியவை

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்த வேண்டும். வண்டியில் ஹீட்டர் இருந்தால் அதனை முழுச் சூட்டில் வைத்து, அதன் காற்றையும் திறந்துவிட வேண்டும். வெயிற்காலத்தில் இது துன்பமாயினும், எஞ்சினின் உஷ்ணத்தில் ஒரு பகுதி இவ்வழியே வெளியேறும். அப்படியும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால், அல்லது ஆவி கண்டால், வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். இன்னும் இரண்டு மைலில் வீடு வந்துவிடும் என்று ஓட்டிச் செல்வதே பல எஞ்சின்களுக்கு முடிவாகியிருக்கிறது.

சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. அழுத்தம் நீங்கிய கணத்தில் உள்ளிருக்கும் நீர் கொதித்துச் சீறி, முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். அரைமணி முதல் ஒருமணி நேரம் காத்திருந்து, மேல் குழாய் கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பின், கனத்த துணியை மூடியின் மேல் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, முதலில் சிறிதளவே திருகி, சீறல் அடங்கிய பிறகு கழற்ற வேண்டும். வாய்க்கால் தண்ணீரை முகந்து எஞ்சினின் மேல் கொட்டும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். காய்ந்த உலோகம் திடீரெனக் குளிர்ந்தால் வெடிப்புக் காணும்.

சோதனை செய்யும் வரிசை

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது, திறந்த வெளியில் சோதனையைத் தொடங்க வேண்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டினால் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் மணமற்ற விஷவாயு உயிரைப் போக்கிவிடும். தோள்துண்டு, வேட்டி முனை, தாவணி முதலியவை பெல்ட்டின் அருகே செல்லலாகாது. மின்சார விசிறி, சாவியை எடுத்த பின்னும் சில வண்டிகளில் தானே சுழலும். ஆகையால் அதனிடையே கையிடுமுன் பாட்டரியின் ஒரு முனையைக் கழற்றிவிட வேண்டும்.

1. நீர் மட்டம். ரேடியேட்டர் நிறைந்திருக்கிறதா, பக்கத்திலுள்ள டாங்கியில் நீர் இரு கோடுகளுக்கும் இடையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நீர் குறைந்திருந்தால் பம்பு நீரோடு காற்றையும் இழுக்கும். மெதுவான ஓட்டத்தில் இக்குறை முதலில் வெளிப்படக்கூடும். நீர் ஊற்றியதோடு நில்லாமல், குறைந்த நீர் எங்கே சென்றது என்பதையும் தேட வேண்டும். முள்ளை மட்டும் நம்புதல் போதாது. நீர் முற்றிலும் வற்றியபோது, உஷ்ணத்தை அறியும் கருவி நீரில் முழுகாமல் வெறுங்காற்றில் நிற்பதால், முள் தாழ்ந்தே காட்டுவதும் உண்டு.

2. ரேடியேட்டரின் முகம். ஏ.சி. உள்ள கார்களில் ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்ஸர் என்னும் மற்றொரு தட்டு இருக்கிறது. இரண்டிற்கும் இடையேயுள்ள சந்தில் பதரும், தூசியும், பூச்சிகளும், இலவம்பஞ்சும் சேர்ந்து மெத்தையைப் போல் அடைத்துக்கொள்ளும். முன்னாலிருந்து பார்ப்பவருக்குக் கண்டென்ஸர் சுத்தமாகவே தோன்றும். மேலிருந்து டார்ச்சு விளக்கடித்துச் சந்தினுள் பார்த்தல் வேண்டும். அடைப்பு இருந்தால், எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெல்லிய நீர்த்தாரை விட்டுக் கழுவலாம். வேகமான பம்புத் தாரை மெல்லிய தகடுகளை மடித்துக் காற்றின் வழியை நிரந்தரமாக அடைத்துவிடும்.

3. விசிறி. எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டால், பெரும்பாலான கார்களில் விசிறி உடனேயோ சில விநாடிகளிலோ சுழல வேண்டும். பிறகு ஏ.சி.யை நிறுத்தி, நின்றபடி இருபது நிமிஷம் ஓடவிட வேண்டும். விசிறி தானே கிளம்பி, சற்று நேரம் ஓடி, நின்று, மறுபடி கிளம்புமாயின் அதன் ஆரோக்கியத்திற்கு அதுவே அடையாளம். முள் ஏறியும் விசிறி கிளம்பாவிட்டால் பியூஸ், ரிலே, கம்பிகளின் இணைப்பு ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். மோட்டாரின் கம்பிகளை 12 வோல்ட் பாட்டரியுடன் மெக்கானிக்கு நேராக இணைத்துப் பார்க்கலாம். அப்பொழுது சுழன்றால் மோட்டாரில் பழுதில்லை. கோளாறு அதற்கு மின்சாரம் வரும் வழியிலோ சென்ஸாரிலோ இருக்கிறது. சுழலாவிட்டால் மோட்டாரே பழுது.

சுழலும் விசிறியும் சரியானது என்று உடனே தீர்மானிக்கலாகாது. கம்பிகளை மாற்றி இணைத்திருந்தால் அது எதிர்த்திசையில் சுழன்று, வேண்டிய காற்றைத் தராது. ரேடியேட்டருக்குப் பின்னால் விசிறி உள்ள வண்டியில், ஒரு காகிதத்தை முன்பக்கத்தில் பிடித்தால் அது உள்ளே இழுக்கப்பட வேண்டும். விசிறியைச் சுற்றியுள்ள கூண்டு உடைந்திருந்தாலோ, பழுது பார்த்தவர் அதனை மாட்டாமல் விட்டிருந்தாலோ, காற்று ரேடியேட்டர் முழுவதிலும் பரவாது.

பெல்ட் விசிறியாயின், எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பழைய வண்டிகளில் சுமார் அரை அங்குலத்திற்கு மேல் தாழ்ந்தால் தளர்ச்சி என்று கொள்ளலாம். சில வண்டிகளில் விசிறியின் குடத்தில் சிலிக்கான் எண்ணெயால் வேலை செய்யும் கிளச்சு உண்டு. எஞ்சின் சூடாயிருந்து நின்றவுடன் அவ்விசிறியைத் தள்ளினால் தடையுடன் அசைய வேண்டும். தட்டுத்தடையின்றிப் பல சுற்றுகள் சுற்றினால் கிளச்சு ஓய்ந்துவிட்டது.

4. வேகமேற்றிப் பார்த்தல். கைப்பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, முள் ஏறத் தொடங்கும் வேளையில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி, எஞ்சினை நிமிஷத்திற்கு 1500 முதல் 2000 சுற்று வரையில் இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட வேண்டும். மின்சார விசிறி ஒழுங்காகச் சுழலும் வண்டியில் இப்படிச் செய்ததும் முள் இறங்குமாயின், மெதுவான ஓட்டத்தில் நீரைத் தள்ளும் பலம் குறைந்திருக்கிறது என்று அறியலாம். தேய்ந்த பம்பு, நழுவும் பெல்ட், நீர்க்குறைவு ஆகியவற்றை ஆராய வேண்டும். பெல்ட் விசிறி உள்ள வண்டியில் விசிறியும் பம்பும் சேர்ந்தே வேகம் பெறுவதால், இச்சோதனை ஒன்றைக்கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது.

5. குழாய்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் அதனை நிறுத்தி, மேல் கீழ்க் குழாய்களை எச்சரிக்கையுடன் தொட்டுப் பார்க்க வேண்டும். மேல் குழாய் கொதிக்க, கீழ்க் குழாய் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடாக இருந்தால், நீர் சுற்றி வருகிறது, ஆனால் உஷ்ணத்தைக் காற்றிடம் ஒப்படைக்கவில்லை என்று பொருள். மறுபடியும் விசிறிக்கே திரும்ப வேண்டும். தெர்மோஸ்டாட்டின் மேல் சந்தேகம் இருந்தால், அதனைக் கழற்றி, பாத்திரத்தில் நீருடன் நூலில் தொங்கவிட்டுக் காய்ச்சிப் பார்க்கலாம். நீர் கொதிப்பதற்குள் அது திறந்துவிட வேண்டும்.

6. ஹெட் காஸ்கெட். டாங்கியின் நீரில் ஓயாமல் குமிழி கிளம்புதல், குளிர்ந்த எஞ்சினை ஓட்டிய சில நிமிஷத்திலேயே குழாய்கள் கல்லைப்போல் இறுகுதல், எஞ்சின் ஆயில் மோர் போல் வெளுத்தல், இனிப்பு மணமுள்ள வெண்புகை, வெளியே கசிவின்றியே நீர் குறைதல் ஆகியவை இதன் குறிகள். இக்குறிகள் இல்லாத எஞ்சினைப் பிரிக்க எவரேனும் சொன்னால் அதற்கு இசைய வேண்டுவதில்லை.

ஓர் உதாரணம்

காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு குடித்தனக்காரரின் கார், நின்ற இடத்தில் சூடேறத் தொடங்கியது. முதலில் பார்த்த மெக்கானிக்கு தெர்மோஸ்டாட்டை மாற்றினார். இரண்டாமவர் அப்புதிய தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்டார். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் உரிய சூட்டை அடைய வெகுநேரமாகும்; எரிபொருளும் தேய்மானமும் அதிகரிக்கும். நோயோ தீரவில்லை.

இதே சமயத்தில், கார் நிற்கும்போது ஏ.சி.யில் குளிர்ச்சி குறைவதாகவும், ஓடும்போது நன்றாக இருப்பதாகவும் அவர் வேறொரு கடையில் முறையிட்டிருந்தார். அங்கே ஏ.சி.க்குப் புதிதாக வாயு நிரப்பினர். அதுவும் பயன்படவில்லை. இரண்டு குறைகளையும் இரண்டு இடங்களில் இருவர் தனித்தனியே கேட்டனரேயன்றி, இரண்டையும் ஒருங்கே வைத்து எண்ணியவர் ஒருவருமில்லை. ஏ.சி.யின் கண்டென்ஸருக்கும் எஞ்சினின் ரேடியேட்டருக்கும் காற்றைத் தருவது அந்த ஒரே விசிறியே.

அறுவடைக் காலத்தில் ஒருநாள், கொள்முதல் நிலையத்தின் எதிரே வெயிலில் ஏ.சி.யுடன் வண்டி நெடுநேரம் நின்றது. முள் சிவப்பைத் தாண்டியதைக் காரில் படுத்திருந்த டிரைவர் கவனிக்கவில்லை. அலுமினிய ஹெட் வளைந்து காஸ்கெட் அற்றுப்போயிற்று. எஞ்சினைப் பிரித்துச் செப்பனிட்டு, திரும்ப ஓட்டிப் பார்த்தபோதுதான் விசிறி சுழலவில்லை என்று கண்டனர். மோட்டாருக்குச் செல்லும் கம்பியின் பிளக்கு சூட்டில் உருகிக் கருகியிருந்தது. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய பழுது, அறுவடைப் பணத்தில் பெரும் பங்கை விழுங்கிவிட்டது. முதல் நாளிலேயே பானெட்டைத் திறந்து, ஏ.சி.யைப் போட்டு, விசிறி சுற்றுகிறதா என்று ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் போதும்.

நீரின் தன்மை

ஆழ்குழாய்க் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருக்கும். வெந்நீர் அண்டாவின் அடியில் படிவது போலவே இது எஞ்சினின் உள்வழிகளிலும் படிந்து, உலோகத்திலிருந்து நீருக்கு உஷ்ணம் செல்வதைத் தடுக்கிறது. ஆகவே வடித்த நீரையும், தயாரித்தவரின் கையேட்டில் குறித்த கூலண்டையும், பெரும்பாலும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுவதே முறை. கூலண்டு துருவையும் தடுக்கும். அவசரத்தில் கிணற்று நீர் ஊற்ற நேர்ந்தால் பிறகு அதனை வடித்துவிட வேண்டும்.

பெரும்பாலான கூலண்டுகளில் எதிலீன் கிளைக்கால் என்னும் பொருள் உண்டு. அது இனிப்பானது; கொடிய விஷமுமாம். வடித்த கூலண்டைத் தொழுவத்தின் அருகிலோ, வாய்க்காலிலோ, வாசலிலோ கொட்டினால் நாய்களும் கன்றுகளும் நக்கி இறக்கக்கூடும். குழந்தைகள் எட்டாத இடத்தில் மூடிய பாத்திரத்தில் வைத்து, பணிமனையில் ஒப்படைத்தல் நலம்.

டிராக்டருக்கும் இது பொருந்தும்

கதிரடிக்கும் யந்திரத்தை ஓட்டும் டிராக்டர் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆனால் முழுப் பாரத்தையும் சுமக்கிறது. எதிர்க்காற்றும் இல்லை, சுற்றிலும் பதரும் தூசியும் பறக்கின்றன. ஆகையால் ரேடியேட்டரின் முன்னுள்ள வலையைச் சில மணி நேரத்திற்கொருமுறை எஞ்சினை நிறுத்தித் துடைப்பதும், காற்று வீசும் திசையை அறிந்து பதர் வண்டியின் முகத்தில் படாதவாறு நிறுத்துவதும் அவசியம்.

சுருக்கமாகக் கூறுமிடத்து, எஞ்சின் எப்பொழுது சூடேறுகிறது என்பதை உடையவரே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்: நிற்கும்போதா, ஓடும்போதா, ஏ.சி. போட்டபோதா, நீர் ஊற்றி எத்தனை நாளான பின்பா என்று. இக்குறிப்பு மெக்கானிக்குக்குப் பெருந்துணையாகும். நீர் மட்டத்தைப் பார்த்த பின், காற்று, நீரோட்டம், எஞ்சினின் உட்பகுதி என்ற வரிசையில் செல்ல வேண்டும். காசு செலவாகாத சோதனைகள் அனைத்தும் முடியும் முன்னர், காசு செலவாகும் மாற்றம் எதையும் செய்யலாகாது.